கன்வர்ட்டர் தேர்வுக் குழு

தியாகராசாவின் வீட்டில் ஒரு கோப்பு இருந்தது. மஞ்சள் அட்டை, பச்சை நாடா. அட்டையின் மேல் தட்டச்சில் 'கன்வர்ட்டர் கொள்முதல் 1/95' என்று எழுதி ஒட்டியிருந்தார். அந்தக் கோப்பு திறந்திருந்த வரையில் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவர் வீட்டு மணியை அடிக்க ஒருவன் இருந்தான். மூடினால் யாருமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒருவன் நான்தான்; எனக்கு இது விளங்க ஐந்து மாதமாயிற்று.

நான் திருச்சிக்காரன். வேலை அனுமதியை இரண்டு வருடத்துக்கொரு முறை புதுப்பித்துப் பிழைத்தவன். கடவுச்சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடப்பேன்; வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் கூப்பிட்டு வேலை போயிற்று என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் அறை. ஒரு சனிக்கிழமை, பழுதான என் கேசட் பெட்டிக்கு ஒரு வயர் வாங்க இம்பி ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையில் உயரமான ஒருவர் நின்றிருந்தார்; தியாகராசா. நான் கடைக்காரரிடம் பேசிய ஆங்கிலத்திலேயே என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தமிழ்நாடோ? நல்லது. இந்தக் கடையோட உங்களுக்கு ஏதும் தொடர்பு இருக்கோ?"

"இல்லை சார்."

"சொந்தக்காரர் ஆராவது ஹைஃபை வியாபாரத்தில?"

"இல்லையே சார். ஏன்?"

"அப்ப நீங்கள் தகுதியான ஆள். காது சரியாக் கேக்குமோ?"

அப்படித்தான் நான் குழு உறுப்பினரானேன்.

தியாகராசா கோலாலம்பூரிலேயே பிறந்தவர். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். மகன் பத்தொன்பது வயதில் பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் கொள்முதல் பகுதியிலேயே இருந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றார். சிமெண்டு, இரும்புக்கம்பி, பாலத்துக்கு வேண்டிய ஆணி எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போயின. மூன்று கடையின் விலைப்புள்ளி இல்லாமல் ஒரு பென்சில்கூட அவர் வாங்கியதில்லையாம். மனைவி குணபூசணி இறந்து மூன்று வருடம். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில்.

அந்த மகன்தான் சிடி பிளேயரை அனுப்பியிருந்தான். அதில் தட்டைப் போட்டால் வீணை தகரத்தில் தட்டியது போல் கேட்டது. விசாரித்ததில் கோளாறு எங்கே என்று தெரிந்தது. தட்டில் இருப்பது இசையல்ல, வெறும் எண்கள். அந்த எண்களைக் காது கேட்கும் ஒலியாக மாற்றுகிற சின்னப் பகுதி பிளேயருக்குள்ளேயே இருக்கிறது, அது மட்டமானது. அந்த வேலைக்கென்றே தனியாக ஒரு பெட்டி விற்கிறார்கள். அதைத்தான் கன்வர்ட்டர் என்றார். மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "புதுசா ஒரு பிளேயர் வாங்குங்கோ அப்பா, பத்து நிமிச வேலை" என்றானாம்.

"பத்து நிமிசம்!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். "பத்து நிமிசத்தில வாங்கின ஒரு சாமானைக் காட்டட்டும் பாப்பம், உருப்பட்டதா."

பெட்டிகள் மூன்று. இம்பி ரோட்டுக் கடையிலிருந்து ஒன்று, மலிவானது. கிள்ளானில் சனாவுல்லா என்பவரின் கடையிலிருந்து ஒன்று, நடுத்தர விலை. சாலாக் செலாத்தானில் வீட்டிலேயே கருவி செய்யும் ஒரு சீனர் கொடுத்தது மூன்றாவது. விலையைக் கேட்டு நான் தண்ணீர் குடித்தேன். மூவரும் பரீட்சைக்கென்று இரவல் கொடுத்திருந்தார்கள். விருப்பம் நடுத்தர விலையில்தான் என்று தியாகராசா முதல் நாளே பதிவு செய்துவிட்டார்.

"ஆகக் குறைஞ்சதை எடுத்தா ஆறு மாதத்தில பழுதாகும். ஆகக் கூடினதை எடுத்தா ஓடிட்டர் கேள்வி கேக்கும்."

"வீட்டுக்கு ஆடிட்டர் யார் சார்?"

சுவரில் மாலை போட்டிருந்த படத்தை ஒரு கணம் பார்த்தார். ஓவல்டின் கலக்கப் போய்விட்டார்.

"அப்படியானால் நடுவிலுள்ளதையே வாங்கிவிடலாமே" என்று நான் கேட்டதற்கு, "விலை நடு. சத்தம் நடுவோ? அதை ஆர் சொல்லுறது?" என்றார். தானே கேட்டுத் தேர்ந்தெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பொருள் வேண்டுமென்று கேட்பவன் அதைத் தெரிவு செய்யக் கூடாது என்பது அவர் காலத்து அலுவலக விதி. அதனால்தான் குழு. மூன்று உறுப்பினர், அவர் செயலாளர். மற்ற இருவர் முத்துக்குமாருவும் கந்தையாவும், பழைய அலுவலக நண்பர்கள். முத்துக்குமாரு மகள் வீட்டோடு நகருக்கு வெளியே செமினிக்குப் போய்விட்டார். கந்தையா மெல்பர்னில். இருவரும் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் அவர்கள் பெயர் இருக்கும். 'வருகை: ஒருவர். வர இயலாமை தெரிவித்தோர்: இருவர்.' திங்கட்கிழமை காலை தபால் நிலையம் போய் இருவருக்கும் பிரதி அனுப்பிவிட்டுத்தான் காலைப் பத்திரிகையைப் பிரிப்பார்.

கூடத்தில் நாற்காலிகள் மூன்று போட்டிருக்கும். நான் நடுவில். மேசையில் பெட்டிகள் மூன்றும் துவாலை போர்த்தி, அ, ஆ, இ என்று சீட்டுக் குத்தி. எது எந்தக் கடையுடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. அவர் உட்காரமாட்டார், பெட்டிக்குப் பின்னால் நின்று வயரை மாற்றுவார். கேட்பது எப்போதும் ஒரே தட்டு, சகானா ராகத்தில் வீணை, பதினொரு நிமிடம். நடுவில், வீட்டுக்குப் பின்னாலுள்ள பாதையில் ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். உடனே நிறுத்திவிடுவார்.

"முதல்லயிருந்து."

அந்த வருடம்தான் கொம்யூட்டர் என்ற மின்சாரப் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பதினொரு நிமிடம் முழுதாகக் கிடைப்பதே அரிதாயிற்று. சில ஞாயிறுகளில் 'அ' பெட்டியைத் தாண்டுவதற்குள் ஆறு மணியாகிவிடும். எனக்குச் சலிப்பாக இருந்ததா என்றால், இல்லை. ஆனால் பயம் இருந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்றும் ஒன்று போலவே கேட்டன. ஊரில் மனைவி எழுதும் கடிதத்துக்குக் கூட உண்மையாகப் பதில் எழுதாத காலம் அது. இங்கேயும் பொய் எழுதினேன். 'ஆ: கனிவு. இ: தெளிவு, சற்றுக் குளிர்ச்சி.' அவர் அதை வாங்கி வாசித்து, தலையசைத்து, கோப்பில் துளையிட்டுச் சேர்ப்பார். ஒவ்வொரு முறையும் பிடிபட்டுவிடுவேனோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்டோபர் கடைசியில் சனாவுல்லா என் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். விலைப்புள்ளி கேட்ட கடிதத்தில் குழு உறுப்பினரின் தொலைபேசி எண் கொடுக்கப்பட்டிருந்ததாம். நேரில் வரச் சொன்னார். போனேன். கிள்ளானில் சேலைக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு படி ஏறினால் அவர் கடை. தொப்பி போட்ட, வயிறு சரிந்த மனிதர். கண்ணாடி அலமாரியில் ஒரு காலியிடத்தைக் காட்டினார்.

"பாருங்க பாஸ். அந்தப் பொட்டி இருந்த எடம். இப்ப தூசிதான் இருக்கு."

"மன்னிக்கணும். பரீட்சை நடந்துக்கிட்டே இருக்கு."

"அஞ்சு மாசமா? ரெண்டு காதையும் வச்சிக்கிட்டு அப்படி என்னதான் கேக்குறீங்க? நான் எம் பொஞ்சாதிய பொண்ணு பாத்தது அரை மணி நேரம் லா. முப்பது வருசம் ஓடிருச்சு, ஒரு கம்ப்ளெயின் இல்ல."

"உங்களுக்கு இல்ல. அவங்களுக்கு?"

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்கிள் நல்ல மனுசன். தர மாட்டேன்னு சொல்ல முடியல. ஆனா வேற கஸ்டமர் கேக்குறான். நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா முடிஞ்சிரும் இல்ல? வேணும், வேணாம். ஏதாச்சும் ஒண்ணு."

திரும்பும் ரயிலில் யோசித்தேன். அந்த வாரம்தான் என் அனுமதியைப் புதுப்பிக்கும் தாள்கள் போயிருந்தன. எதுவும் தொங்கலில் இருக்கக் கூடாது என்று ஒரு பதற்றம். தியாகராசாவுக்கும் ஒரு நல்லது செய்தது போலாகும்; மனிதர் நிம்மதியாக வீணை கேட்கட்டும். அன்றிரவே, மூன்றில் ஏதோ ஓர் எழுத்தைத் தேர்ந்து, எழுதிவிட்டேன். 'ஆ பெட்டியை ஐயமின்றிப் பரிந்துரைக்கிறேன். ராதாகிருஷ்ணன், உறுப்பினர்.'

ஞாயிறு நான்கு மணிக்குத் தாளை நீட்டினேன். வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"ஐயமின்றி?"

"ஆமா சார். இனி கேக்கவேண்டியதில்ல."

"மற்ற ரெண்டு பேர்?"

"அவங்கதான் வர்றதே இல்லையே."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் துவாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். 'ஆ' என்பது கிள்ளான் பெட்டிதான் என்று தெரிந்தது. இரப்பர் முத்திரையைத் தேடி எடுத்து, தேதியைத் திருப்பி, என் தாளின் மேல் குத்தினார். ஓவல்டின் கொடுத்தார். வழக்கமாக இரண்டாவது கோப்பை கேட்பார், அன்று கேட்கவில்லை. வியாழக்கிழமை தபாலில் தட்டச்சுக் கடிதம் வந்தது. குழுவின் பணி நிறைவுற்றது, உறுப்பினரின் பொறுமைக்கு நன்றி, குழு இத்துடன் கலைக்கப்படுகிறது.

அடுத்த ஞாயிறு மூன்றே முக்காலுக்கு என் கால்கள் தாமாகவே செருப்பைத் தேடின. வாசல் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே வீணை இல்லை. மணியை அடித்தேன். பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு வந்தார்.

"மிஸ்டர் ராதாகிருஷ்ணன்? ஏதும் விடுபட்டுதோ?"

அவருக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. ஒரே ஒரு நாற்காலி. மற்ற இரண்டும் மடித்துச் சுவரில் சாய்ந்திருந்தன. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கேக்கலையா சார்?"

"கேட்டன். நல்லாத்தான் இருக்குது." கதவைப் பிடித்தபடியே நின்றார். காரணமில்லாமல் ஒருவரை உள்ளே வா என்று கூப்பிட அவருக்குத் தெரியவில்லை. காரணமில்லாமல் உள்ளே வருகிறேன் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

"குடை… என் குடையை விட்டுட்டுப் போயிட்டேன் போல."

நான் குடை கொண்டு வந்ததேயில்லை. அவர் தேடினார். நாற்காலிக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், குளியலறைக் கதவில், கால் மணி நேரம் சளைக்காமல் தேடினார். நானும் கூடவே தேடினேன். "என்ன நிறம்?" என்று கேட்டார். கறுப்பு என்றேன். கடைசியில் தம் குடையை எடுத்து என் கையில் கொடுத்து, "கிடைச்சா அறிவிக்கிறன்" என்றார். வெயில் கொளுத்தியது. அந்தக் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தபோதுதான், ஐந்து மாதமாக நான் எங்கே போய்வந்தேன் என்பது எனக்கு உறைத்தது.

கோப்பை மூடியவன் நான். திறக்க ஒரே வழிதான் இருந்தது. அவரே முன்பொரு நாள் சொன்ன விதி: தீர்மானத்தின் மேல் ஆட்சேபணை இருந்தால் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். பத்தாவது நாள் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய அலுவலகக் கடிதங்களில் உண்மையானது அது ஒன்றுதான். 'மூன்று பெட்டிகளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளும் தெரிந்ததில்லை. நான் எழுதிய குறிப்புகள் எல்லாம் பொய். ஆகவே என் பரிந்துரை செல்லாது. மறுபரீட்சை கோருகிறேன்.'

பெட்டிக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். என் கடிதத்தைப் பார்த்துச் சீறுவார் என்று மூன்று நாள் எதிர்பார்த்திருந்தேன். பதில் வந்தது. 'ஆட்சேபணை ஏற்கப்பட்டது. உறுப்பினரின் காது பற்றிய ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது. அது குழுவின் பணிக்குத் தடையல்ல. கூட்டம்: ஞாயிறு, நான்கு மணி.'

போனபோது மூன்று நாற்காலிகளும் விரித்திருந்தன. மேசையில் துவாலைகள். சனாவுல்லா இம்முறை கேட்காமலே இரண்டு புதுப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். வாங்கிய வாடிக்கைக்காரர் இல்லையா. தியாகராசா வயரை மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"எனக்கும் தெரியேல்லை."

"என்ன சார்?"

"வித்தியாசம். அவட காதுக்குத்தான் தெரியும். 'இதில தந்தி கிடக்கு, இதில தகரம் கிடக்கு' எண்டு சமையலறையிலயிருந்தே சொல்லுவா." மாலை போட்ட படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வயரை அழுத்தினார். "இதை மினிட்ஸில எழுத வேண்டாம்."

"எழுதலை சார்."

"சரி. 'அ'. கேளுங்கோ."

ரயில் வந்தது. முதலிலிருந்து போட்டார்.

இப்படி இன்னும் எட்டு மாதம். தொண்ணூற்றாறு ஜூலையில், வெள்ளிக்கிழமை மாலை, மேலாளர் கூப்பிட்டார். இவ்வளவு வருடம் பயந்தது நடந்தபோது பயம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தியாகராசாவிடம் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. சொன்னேன். "விலாசம் தந்துபோட்டுப் போங்கோ" என்றார். குடையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "உங்கட குடை இன்னும் கிடைக்கேல்லை" என்றார்.

திருச்சிக்கு வந்த மூன்றாம் வாரம், மலேசியத் தபால்தலை ஒட்டிய உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள்.

'கூட்டக் குறிப்பு. வருகை: இல்லை. வர இயலாமை தெரிவித்தோர்: திரு. முத்துக்குமாரு, திரு. கந்தையா, திரு. ராதாகிருஷ்ணன். உறுப்பினர் வராமையால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ரயில் இடையூறு: நான்கு முறை. அடுத்த கூட்டம்: ஞாயிறு, நான்கு மணி.'

நான் எந்த இயலாமையும் தெரிவித்திருக்கவில்லை. அன்றே தாளெடுத்து, அந்த ஞாயிறு வர இயலாது என்று முறைப்படி எழுதித் தபாலில் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறுக்கும் எழுதினேன்.