தாயில்பட்டி அண்ணாச்சியின் பேரிங்குகள்

பேரிங் வாங்க வருகிறவர்கள் அதைச் சுண்டிவிட்டுக் காதருகே கொண்டுபோவார்கள். தாயில்பட்டி அண்ணாச்சி அப்படிச் செய்யவில்லை. விருதுநகரில் நானும் கணவரும் நடத்தும் கடைக்கு அவர் முதன்முறை வந்த அன்று, கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங் ஒன்றை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி மிக மெதுவாகத் திருப்பினார். கண்களை மூடியிருந்தார். நான் விலை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் உயிர் தப்பியவர், காதுகள் தப்பவில்லை. அவர் உரக்கப் பேசுவார். நான் கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவேன்.

விபத்துக்குப் பிறகும் மனைவி பட்டாசு மருந்து அறைக்கு வேலைக்குப் போய்வருவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. மனைவி வீட்டிலிருந்தே பட்டாசுக் காகிதக் குழாய் சுருட்ட ஓர் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். அதற்கு வேண்டிய பற்சக்கரங்கள் கடையில் கிடைக்கவில்லை. தானே வெட்டுவதற்காக ஒரு டிவைடிங் ஹெட்டையும் தானே செய்ய இறங்கியிருந்தார். வட்ட இரும்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் சம அளவு திருப்பி நிறுத்தும் கருவி அது. விலை குறைந்த பால் பேரிங் போதாதா, அது நன்றாக ஓடுமே என்று எழுதிக் காட்டினேன்.

“இது ஓடுற சாமான் இல்ல தங்கச்சி, நிக்கிற சாமான். பல்லு வெட்டுறப்ப மயிரளவு அசையக் கூடாது. டேப்பர் ரெண்ட எதிரெதிராப் போட்டு நட்ட முறுக்குனா ஆட்டம் நின்னுபோகும்” என்றார்.

அவர் அழுத்திப் பார்த்தது நல்ல பேரிங். அந்த அளவில் அது ஒன்றுதான் இருந்தது. ஜோடிக்கு இன்னொன்றை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெரிய கம்பெனியின் பெட்டி. உள்ளே இருந்தது போலி. அந்த வாரம்தான் கணவர் வாங்கி வந்திருந்தார். போலி என்பது எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பெட்டியை நம்பி வாங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஒரு பற்சக்கரத்தோடு வந்தார். ஒரு பக்கத்துப் பற்கள் தடித்தும் எதிர்ப்பக்கத்துப் பற்கள் மெலிந்தும் இருந்தன. “நட்ட முறுக்குனா ஒரு பக்கம் இறுகுது, ஒரு பக்கம் ஆடுது. நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரியல தங்கச்சி” என்றார். ‘நட்டை அதிகமாக’ என்று எழுதத் தொடங்கினேன். வாயால் என்றால் அந்தப் பொய்யைச் சொல்லி முடித்திருப்பேன். தாளில் அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் கை நகரவில்லை. அடித்துவிட்டு, ‘ஒரு பேரிங் போலி. எனக்குத் தெரியும்’ என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

“தெரிஞ்சேதான் குடுத்தீகளா?”

கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். நான் ஆமென்று தலையசைத்தேன். அவர் திட்டவில்லை. “நான் என் கையவில்ல சந்தேகப்பட்டேன்” என்று மட்டும் சொன்னார். புதிதாக வந்திருந்த அசல் பெட்டிகள் நான்கைப் பிரித்து அவர் முன் வைத்தேன். வெகுநேரம் அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மிச்சமிருந்த போலிகளைப் பழைய இரும்போடு கொட்டினேன். “ஊரே விக்குது, உனக்கு மட்டும் என்ன?” என்று கணவர் கத்தினார். ஆனால் பிறகு அவர் அவற்றை வாங்கி வரவில்லை.

சென்ற பங்குனியில் அண்ணாச்சி கடைக்கு வந்து, “மெஷினு ஓடுது தங்கச்சி, வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். போனேன். வேப்பமரத்தடிக் கொட்டகையில் அவர் மனைவி இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். குழாய்கள் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தன. சத்தம் கேட்காத அண்ணாச்சி, சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, “பாத்தீகளா, ஒரு அதிர்வு இருக்கா?” என்று சிரித்தார்.

அவர் மனைவியும் சிரித்த முகத்தோடுதான் என்னிடம் பேசினார். “காது போனப்பக்கூட இவரு இப்பிடி ஒடிஞ்சு போகலம்மா. பல்லு கோணலா வந்த அந்த ஒரு மாசம் சோறு எறங்கல. கையும் போயிருச்சு, இனி நான் எதுக்குன்னு கேட்டாரு. கெணத்துப் பக்கம் போயிருவாரோன்னு நான் வேலைக்கே போகாம கூடவே கெடந்தேன். உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்.” குழாய் சுருட்டும் கை நிற்கவில்லை. அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பையும் அவர் மனைவி விடவில்லை.

“என்ன சொல்றா?” என்று அண்ணாச்சி ஒரு தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

அவர் மனைவி என்னைப் பார்த்தார். இனி அவரிடம் பொய் எழுதுவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். ‘மெஷின் நன்றாக ஓடுகிறது என்கிறார்’ என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, மனைவியின் தோளில் செல்லமாகத் தட்டினார்.