சேற்றுக்கு ஒரு கண்ணாடிப் போத்தல்

மலைநாட்டுக் கம்பஸில் நான் இரண்டாம் வருடம் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பகுதியின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இறுதி வருடத்தில் சுற்றாடல் கல்வியைச் சிறப்புப் பாடமாகப் படிக்கலாம். இடங்கள் கொஞ்சம்தான். சேர விரும்புகிறவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரில் ஒரு நீர்நிலையைத் தெரிவு செய்து, தண்ணீரோ சேறோ எடுத்து வந்து, ஆய்வுகூடத்தில் சோதித்து அறிக்கை எழுத வேண்டும். படித்து முடித்தால் மீன்பிடிப் பக்கம் வேலை உண்டு, திறமாகச் செய்தவருக்கு வெளிநாட்டில் ஒரு பயிற்சியும் கிடைக்கலாம். இதையெல்லாம் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டு போனவள் கடைசி வரியில் வந்து நின்றேன். "பெண் மாணவிகள் களத்துக்குச் செல்லத் தேவையில்லை. நூலகத்திலிருந்தே கட்டுரை எழுதலாம்."

எழுபதுகளின் பின்பாதி அது. வகுப்பில் இருந்த மற்றப் பெண்கள், "நல்ல சேர், எங்களைப் பற்றியும் யோசிச்சிருக்கிறார்" என்றார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சேறு அளந்தவனும் புத்தகத்தைப் பார்த்து எழுதியவளும் ஒன்றாகப் போய் நின்றால் இடம் யாருக்குக் கிடைக்கும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். விரிவுரையாளரிடம் நேரே போனேன்.

"சேர், நான் களத்துக்குப் போறன்."

அவர் யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர். நல்லவர்களோடு சண்டை பிடிப்பதுதான் கஷ்டம். "பிள்ளை, சேத்துக்குள்ள இறங்க வேணும். பாம்பு இருக்கும், அட்டை இருக்கும். உமக்கேன் இந்தக் கரைச்சல்?" என்றார்.

"எங்கட வீட்டுக்குப் பின்னாலதான் சேர் கடல். பாம்பையும் அட்டையையும் எனக்குச் சின்னனில இருந்தே தெரியும்."

"அப்ப உம்மட விருப்பம்" என்றார். அந்தக் குரலில் விருப்பம் இல்லை.

எங்கள் வீடு சீனன்குடாவில். பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பக்கம் இல்லை. அதற்கு இப்பால், உட்துறைமுகத்தின் ஒரு மடிப்பில், வள்ளங்களுக்கும் லோஞ்சுகளுக்கும் டீசல் கொடுக்கிற ஒரு கம்பனியின் களஞ்சியம் இருந்தது. அப்பா அதில் ஸ்டோர் கிளாக்கர். கம்பனி தந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். களஞ்சியத்தின் பின்புறம் கண்டல் மரங்கள் நிற்கிற ஒரு சின்னக் குடா. மழை பெய்து ஓய்ந்த காலையில் அதன் தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கும். அங்கே வள்ளத்தில் வந்து வலை வீசுகிற கிண்ணியா ஆட்கள், இறால் மண்ணெண்ணெய் மணக்குது என்று சந்தையில் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் அளக்க நினைத்த இடம் அதுதான். வேறு எந்த இடமும் எனக்கு வேண்டாம்.

ஆனால் கரைவழியாக அந்தக் குடாவுக்குக் களஞ்சியத்தின் கேற்றைத் தாண்டித்தான் போகலாம். தடைசெய்யப்பட்ட பகுதி என்று பலகை தொங்கும். அந்தக் கேற்றைத் திறக்கிற சாவி ஒன்று எங்கள் குசினியில் இருந்தது: சாப்பாட்டுக் கரியர். மத்தியானச் சங்கு ஊதியதும் சின்னக் கதவைத் திறந்துவிடுவார்கள். வரிசை வீட்டுப் பெண்கள், தமிழ், சோனகம், சிங்களம் என்று எல்லாரும், கரியரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவோம். யாரும் யாரிடமும் பாஸ் கேட்பதில்லை. ஆண்கள் புளியமரத்தடியில் இருந்து சாப்பிடுவார்கள், நாங்கள் பைப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு வெளியே வருவோம். வரும்போது மட்டும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் காவலாளி ஒருவர் கரியரைத் திறந்து பார்ப்பார். டீசல் களவு போகிற காலம்.

"சத்தம் போடாமல் சாப்பாட்டோட போ, சேத்தை அள்ளிக்கொண்டு வா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்று அப்பாவே சொன்னார். எனக்கும் அது கெட்டித்தனமாகப் பட்டது. அப்பா சாப்பிட்டு முடித்ததும் கரியரின் கறித் தட்டைப் பைப்பில் அலசி, குடாவுக்கு இறங்கி, கண்டல் வேருக்குப் பக்கத்தில் சேற்றை அள்ளி மூடினேன். நானா திறந்து பார்த்து மூக்கைச் சுழித்தார். "என்ன புள்ள இது, வாப்பா சாப்பிட்ட மிச்சமா?" என்று கேட்டார். "ஓம் நானா, இண்டைக்குக் கருவாடு" என்றேன். விடுமுறை முடியும்வரை இப்படியே நடந்தது. அம்மாதான் வீட்டில் குதித்தா. "இனி இந்தத் தட்டில சோறு போட்டால் உங்கட கொப்பருக்கு வயித்தால அடிக்கும்!" என்று கடைசியில் அந்தத் தட்டைக் குசினிக்கு வெளியே வைத்துவிட்டா.

கம்பஸுக்குத் திரும்பி ஆய்வுகூடத்தில் சேற்றைக் கரைப்பானில் போட்டுக் குலுக்கி வடித்தபோது எண்ணெய் திரண்டு வந்தது. எதிர்பார்த்ததற்கும் மேலே. நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு சேரைக் கூப்பிட்டேன். அவர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தார், மணந்தார், இன்னொரு தரம் மணந்தார். "எதில கொண்டந்தனீர்?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"பிள்ளை, டீசல் மஞ்சள் தூள் மணக்காது. இது தேங்காயெண்ணெய். கத்தரிக்காய்ப் பொரியலோ?"

ஆய்வுகூடமே வெடித்துச் சிரித்தது. அலுமினியத் தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த கறியெண்ணெய் என்னுடைய முழு விடுமுறையையும் குடித்துவிட்டது. எது கடலுடையது, எது அம்மாவின் குசினியுடையது என்று இனிப் பிரிக்க ஏலாது. "அதுதான் சொன்னனான், லைப்ரரியில எழுதும் எண்டு" என்றார் சேர். அவர் அதைக் கனிவாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எதில எடுத்தால் சரி சேர்?"

"வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல். கரைப்பானால கழுவி, கண்ணாடி மூடி போட்டது. தெரிவுக்கு முதல் இன்னும் ஒரு சின்ன லீவுதான் இருக்கு."

"அப்ப எனக்குப் போத்தல் தாங்கோ."

தந்தார். உடைத்தால் கட்ட வேண்டிவரும் என்று சொல்லித்தான் தந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் போத்தல்களைக் கண்டதும் அப்பாவின் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தக் கேற்றுக்குள் எதையும் கொண்டு போகலாம், போத்தலை மட்டும் கொண்டு போக ஏலாது. டீசல் களவெடுப்பவர்கள் போத்தலில்தான் எடுப்பார்கள். போத்தலோடு பிடிபட்ட ஒருவரை அப்பாவின் கண்ணுக்கு முன்னாலேயே வேலையால் நிற்பாட்டியிருந்தார்கள்.

"இத்தனை வருசத்தில ஒருத்தரும் என்னைப் பாத்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை. மகள் போத்தலோட வந்து நிண்டால் ஸ்டோர் கிளாக்கரைப் பற்றி என்ன கதை வரும்? யோசிச்சியா?"

"மறைச்சுக் கொண்டுபோனால்தானே அப்பா கள்ளர். நான் கையில பிடிச்சுக்கொண்டு போறன்."

"வேண்டாம் பிள்ளை. லைப்ரரியில எழுது."

அப்பாவும் அந்த வரியையே சொல்லிவிட்டார் என்று அழுகை வந்தது. அழவில்லை. அடுத்த நாள் மனேஜரின் கந்தோருக்குப் போனேன்; அவர் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை, நின்றுகொண்டே அனுமதி கேட்டேன். "சுற்றாடலோ? அதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டார். கொழும்பில் இருக்கிற தலைமைக் கந்தோருக்கு எழுதச் சொன்னார். கொழும்பிலிருந்து பதில் வருவதற்குள் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து பட்டமும் வாங்கிவிடுவார்.

மத்தியானச் சங்கு ஊதியது. நான் கரியர் எடுக்கவில்லை. வெறும் போத்தலைக் கையில் எல்லாருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு கேற்றடியில் நின்றேன். நானா திகைத்துப்போனார்.

"புள்ள, போத்தலோட உள்ள போக ஏலாது. தெரியும்தானே?"

"தெரியும் நானா. அதுதான் இஞ்ச நிக்கிறன்."

பெண்கள் என்னைக் கடந்து போனார்கள். ஒருத்தி, "என்னடி, கொப்பருக்கு இண்டைக்குக் கஞ்சியோ?" என்றாள். இன்னொருத்தி, "படிச்சுப் படிச்சுக் கழண்டுபோச்சு" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பாவின் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுபோனா. சங்கு மறுபடியும் ஊதி, கதவு சாத்தும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அப்பா வேலையால் வந்ததும் என்னைப் பாராமலே உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளும் போத்தலைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் கரியர் வாங்க வந்தா. அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டு சொன்னா:

"இல்லைப் பிள்ளை, நான் இண்டைக்குச் சாப்பாடு அனுப்பேல்ல. என்ர மகளை வெயிலுக்க நிப்பாட்டிற கேற்றால என்ர சோறும் உள்ளுக்குப் போகாது."

அந்தத் தட்டுக்காகக் குதித்த அம்மாதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கேற்றடியில் நின்றேன். பெண்கள் அன்று கேலி செய்யவில்லை. புளியமரத்தடியில் எல்லாரும் கரியரைத் திறந்தார்கள். அப்பா தனியே வெறுங்கையோடு இருந்தது கம்பிக்கூடாகத் தெரிந்தது. யாரோ தங்கள் சோற்றை நீட்டினார்கள்; அவர் தலையாட்டி மறுத்தார். பிறகு எழும்பினார். மனேஜரின் கந்தோருக்குள் போவது தெரிந்தது. மனேஜரையும் கூட்டிக்கொண்டு நேரே கேற்றுக்கு வந்தார். வீட்டுக்குப் போ என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா என் கையிலிருந்த போத்தலை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார். போத்தலைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிற மனிதர்.

"சேர், இது என்ர மகள். கம்பஸில படிக்கிறா. ஆய்வு செய்யச் சேறு எடுக்க வந்தவ. இவ்வளவு நாளும் சாப்பாடு கொண்டுவாறவ எண்டு உள்ளுக்கு விட்டனாங்கள், அது பொய். அவ எடுக்கேக்க நான் பக்கத்தில நிப்பன். ஒரு சொட்டு டீசல் வெளியில போச்செண்டால் அவவை விடுங்கோ, என்னை வேலையால நிப்பாட்டுங்கோ."

மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றுக் கையோடு எழும்பி நின்றார்கள். மனேஜர் அவர்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். "கெதியா எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மற்றப் போத்தல்களையும் வீட்டிலிருந்து எடுத்து வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கினேன். அப்பா சப்பாத்தோடு கரையில் நின்று ஒவ்வொரு மூடியாக எடுத்துத் தந்தார். சப்பாத்து நனைந்ததை அவர் கவனிக்கவேயில்லை. வெளியே வரும்போது நானா தன் கடமையைச் செய்தார். ஒரு மூடியைத் திறந்து மணந்தவர் முகம் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, டீசல் மணக்குதே!"

"ஓம். அதைத்தான் பிள்ளை அளக்கப்போறா" என்றார் அப்பா.

இந்தமுறை ஆய்வுகூடத்தில் மஞ்சள் தூள் மணக்கவில்லை. அறிக்கையை எழுதி, சேறு எடுத்த இடத்தின் பெயரை முதற்பக்கத்திலேயே போட்டேன். நேர்முகத் தெரிவில் சேருடன் இருந்த இன்னொரு பெரியவர் அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"இது தடைசெய்யப்பட்ட இடமெல்லோ? வேற இடத்தைத் தெரிவு செய்திருக்கலாமே?"

"தடை ஆக்களுக்குத்தான் சேர். எண்ணெய்க்கு இல்லை. அது வேலியைத் தாண்டி இறாலுக்குள்ள போய்க்கொண்டுதான் இருக்குது."

எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் வருட மாணவர்களில் அந்தப் பாடத்துக்கு எடுபட்ட ஒரே பெண் நான்தான். நூலகத்திலிருந்து அழகான கட்டுரைகள் எழுதிய என் தோழிகளில் ஒருத்திக்கும் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுடைய எழுத்து என்னுடையதைவிடத் திறம்.

அடுத்த வருடமும் அதே பலகையில் அதே அறிவித்தலை ஒட்டினார்கள். கடைசி வரியும் அப்படியே இருந்தது. இரண்டாம் வருடப் பெண்கள் சிலர் அதை வாசித்து, நல்ல சேர் என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு போய், பேனையை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு தடித்த கோடு இழுத்தேன். திரும்பினால் சேர் நிற்கிறார்.

"என்ன செய்யிறீர்?"

"பிழை திருத்துறன் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார், ஆய்வுகூடத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்கள் அடுக்கிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெண்களுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.