மதுரையில் மாமா சொன்ன சாட்சி

எங்கள் அப்பாவின் வலது கை எங்கே போனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடலோரத்து வேலைக்குப் போகும்போது இரண்டு கையோடு போனார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது முழங்கைக்குக் கீழே வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். துணிக்குள் கையை மடக்கி வைத்திருக்கிறார், காயம் ஆறியதும் வெளியே எடுப்பார் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். கரிசலில் பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் பிழைப்பு. அந்த வருஷங்களில் மழை வரவில்லை. அப்போதுதான் அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, மல்லாங்கிணற்றிலிருந்து வந்தார். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கிறார்கள், அங்கே ஒரு காண்ட்ராக்டரிடம் தான் மேஸ்திரியாக இருக்கிறேன், மச்சானையும் சேர்த்துவிடுகிறேன் என்றார். எண்ணெய் என்றதும் நான் கடையில் அளந்து ஊற்றும் நல்லெண்ணெயைத்தான் நினைத்தேன். அப்பா ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவருவார், தீபாவளிக்கு வீடு மணக்கப் பணியாரம் சுடலாம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகு ஒருநாள் காலையில் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம். அவருக்குப் பின்னால் மாமா இறங்கினார். எப்போதும் என்னைப் பார்த்ததும் தூக்கிச் சுற்றுகிறவர் அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. மோதிரக்காரர் ஒரு தாளை நீட்டி, "ஒரு ரேகை வச்சுட்டாப் போதும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நாங்க பாத்தாச்சு. இனிமே ஒரு பாக்கியும் இல்லேன்னு எழுதியிருக்கு. அம்புட்டுதான்" என்றார். பிறகு அப்பாவின் மடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இடது கைப் பெருவெரலு போதும்."

ஒரு கையை எடுத்துக்கொண்டவர்கள் இப்போது மிச்சமிருக்கும் கையின் பெருவிரலைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். விறகுக்குப் பருத்திமார் அடுக்கியிருந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டேன்.

அம்மா தாளை வாங்கவில்லை. "வெவரந் தெரிஞ்சவுகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம்யா" என்றாள். மோதிரக்காரரின் குரல் மாறியது. "அவரா போயி மெசின்ல கைய விட்டுக்கிட்டாரு. அது அவர் வேலையே கெடையாது. நீங்க கேஸுன்னு போனீங்கன்னா நாங்களும் கேஸு போட வேண்டியிருக்கும், பாத்துக்கோங்க." மாமா தரையைப் பார்த்தபடி நின்றார். ஜீப் போனபின் எழுந்த புழுதி அடங்கும்வரை அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். மில் தொழிலாளிகளுக்காக வாதாடும் வக்கீல் ஒருவர் அங்கே இருந்தார். வாசலில் எங்களைப்போலப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ரேகை வைக்காம வந்தீங்களே, அதுவே பெரிசு. வேலை செய்றப்போ அடிபட்டா மொதலாளி நஷ்டஈடு குடுத்தாகணும்னு வெள்ளைக்காரன் காலத்துலயே சட்டம் வந்துருச்சு. காண்ட்ராக்டர் கைய விரிச்சாலும் அவனுக்கு வேலை குடுத்த கம்பெனிய விட முடியாது. இதுக்குன்னே மதுரையில ஒரு அதிகாரி இருக்காரு, அவர்ட்ட மனு போடுவோம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்ணு. சொல்லச் சொல்லக் கேக்காம அவரா போயி மெசினத் தொட்டாருன்னு அவுக நிரூபிச்சா கஷ்டம். அவரப் பிடிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு வீட்டில் 'கேஸு' என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்குத் தெரிந்த கேஸ் ஒன்றே ஒன்றுதான். கிணற்றுத் தகராறில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மதுரைக்குக் கேஸுக்குப் போனார், திரும்பி வரவில்லை, ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அப்பாவும் மதுரைக்குத்தான் போகப்போகிறார். ஒற்றைக் கையில் விலங்கு எப்படி மாட்டுவார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அப்பா அருகில் ஓடிப்போய் அவருடைய இடது கைப் பெருவிரலை என் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொள்வேன். அவர் சிரிப்பார். எதற்கென்று கேட்டதில்லை.

ஊரில் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். கூடப்பிறந்தவன் வேலைக்கு உலை வைக்கிறாள் என்று மாமா வீட்டார் காதுபடவே சொன்னார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது.

விசாரணைக்கு மதுரை போனோம். என்னை விட்டுவிட்டுப் போக முடியாதபடி நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் நினைத்ததுபோல் அங்கே கூண்டும் இல்லை, துப்பாக்கி பிடித்த போலீஸும் இல்லை. நீள மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவின் பின்னால் நின்றேன். எதிர்ப்பக்கம் மோதிரக்காரர். அவர்களுடைய சாட்சியாக மாமாவைக் கூப்பிட்டார்கள்.

காண்ட்ராக்டரின் வக்கீல் கேட்டார். "ஒங்க மச்சானுக்கு அங்க என்ன வேலை?"

"சாமான் தூக்குறது, சேறு அள்ளுறதுங்கய்யா."

"மெசின் மேடைக்குப் போறது அவர் வேலையா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப அவரா போயித்தானே சங்கிலியப் பிடிச்சாரு?"

துளைக்குள் இறக்கும் குழாயோடு குழாயை முடுக்குவதற்கு ஒரு இரும்புச் சங்கிலியைச் சுற்றி இழுப்பார்களாம். அதில்தான் அப்பாவின் கை சிக்கியது. அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை.

"இல்லய்யா" என்றார் மாமா. "நான்தான் பிடிக்கச் சொன்னேன். சங்கிலி பிடிக்கிற ஆளு அன்னைக்கு வரல. வேலைய நிறுத்தக் கூடாதுன்னுட்டாக. எனக்குப் பழக்கமில்லேன்னு மச்சான் சொன்னாரு. நான்தான் அதட்டினேன். நான் பண்ணுனதுதான்யா எல்லாம்."

மோதிரக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எங்கள் வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்கு. கையை யார் எடுத்தது என்று எனக்குத் தெரிந்துபோனது. மாமா. என்னைத் தூக்கிச் சுற்றிய மாமா.

வெளியே வந்தபோது ஜீப் மாமாவை விட்டுவிட்டுப் போயிருந்தது. அவர் எங்களோடு பஸ்ஸில் வந்தார். அம்மா என்னை அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னபோது நான் வீறிட்டேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாமா எழுந்து போய், ஊர் வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார்.

சில மாதம் கழித்து எங்கள் பக்கம் தீர்ப்பானது. வந்த பணத்தில் அப்பா ஊர் முக்கில் ஒரு கடை போட்டார். நான் படித்தது அந்தக் கடை வருமானத்தில்தான். மாமாவை அதற்குப் பிறகு எந்தக் காண்ட்ராக்டரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. விருதுநகரில் லாரிக்கு லோடு ஏற்றினார், கடைசிவரை.

மதுரையிலிருந்து திரும்பிய அன்று பொழுது சாயும் நேரத்தில், எங்களோடு வீட்டுக்கு வந்த மாமாவுக்கும் சேர்த்து அம்மா அவசரமாகச் சோறு பொங்கினாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு முட்டை. அதை அவித்து உரித்து அப்பாவுக்கு வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, மாமா அப்பாவுக்கு எவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டினால் கத்துவதற்குத் தயாராக இருந்தேன். மாமா சோற்றைப் பிசைந்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்பா தன் தட்டிலிருந்த முட்டையை இடது கையால் எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

"தின்னு மாப்ள" என்றார்.

மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்பாவுக்கு இவ்வளவு பயமா, பயந்துகொண்டுதான் முட்டையைக் கொடுத்துவிட்டாரா என்று நான் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.