மில்காரரின் கட்டை விரலும் என் கரித்துண்டும்

என் புருஷனுக்குக் கோர்ட்டில் பிரம்படி வாங்கித் தரப் பார்த்தவள் நான்!

(பயப்படாதீர்கள், வாங்கவில்லை.)

சுவரில் வரைவதெல்லாம் கலையா என்று நேற்று ஒருவர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். கலைதான் ஐயா. சட்டம் அதைக் காப்பாற்றவும் வேண்டும். சொல்கிறேன், கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, சிங்கப்பூர். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. என் வீட்டுக்காரர் அங்கே கரி இஸ்திரிப் பெட்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே மிளகாய் அரைக்கும் மில்.

ஒரு செவ்வாய்க்கிழமை மிளகாய் கொண்டுபோனேன். அரைக்கிற கூலிக்காக மில்காரர் நிறுக்கும்போது கட்டை விரல் தராசுத் தட்டிலேயே இருந்தது.

"விரல எடுங்க மொதலாளி" என்றேன்.

"கைநாட்டுக்குத் தராசப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார். எட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

(எட்டுப் பேரும் யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். மில்காரர் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.)

எழுதத் தெரிந்தவளாக இருந்தால் மேலிடத்துக்குப் பெட்டிஷன் போட்டிருப்பேன். எனக்கு அப்போது என் பெயரே தடுமாறித்தான் வரும். ஆனால் கோடு வரும்!

மறுநாள் விடியற்காலை, கரிப்பெட்டியிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து, சந்துச் சுவரில் மில்காரரை நிறுத்திவிட்டேன். மீசை, தொப்பை, தராசு. தராசின் மேல் கத்தரிக்காய் அளவுக்குக் கட்டை விரல்!

அதன் பிறகு மில்லுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் விரலைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ். நம்ம தமிழ் ஆள்தான்.

"படத்துல இருக்கிறது யாரு?"

"நான்தான் சார்!" என்றார் மில்காரர்.

"வெரல் தராசு மேல இருக்கே?"

"அது... அது நான் இல்ல சார்."

"ஆளு நீங்க, வெரல் மட்டும் வேற ஆளோடதா?"

மில்காரருக்கு முகம் மிளகாயாகிவிட்டது. "கரி இவன்கிட்டதான் சார் இருக்கு. கையப் பாருங்க!" என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார். தேய்ப்புக்காரர் கை கறுப்பாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

"இதுக்கு ரோத்தான் அடி, பெரம்படி விழும், தெரியும்லா?" என்றார் போலீஸ்காரர்.

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். "ஆமா சார். நான்தான் வரஞ்சேன்" என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"பொய் சார்! இவருக்கு நேர்கோடே வராது. வரஞ்சது நான்!"

(பெண்களுக்கு ரோத்தான் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும்!)

"இவளா? கைநாட்டு சார் இவ!" என்று மில்காரர் சிரித்தார்.

போலீஸ்காரர் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "வரைங்க, பாப்போம்."

அதே கரியால் வரைந்தேன். அவரையே! தொப்பி, பெல்ட், பெல்ட்டுக்கு மேல் வழிகிற வயிறு. எதையும் விடவில்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

போலீஸ்காரர் வெகுநேரம் பார்த்தார். "எனக்கு இவ்ளோ தொப்பையா?"

"பெல்ட்ட கேளுங்க சார்."

சிரித்துவிட்டார்! தாளைக் கசங்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கரிதானே, போயிரும். சொவத்தக் கழுவிடுங்கக்கா. இன்னொரு தடவ செஞ்சா விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாளித் தண்ணீர். மில்காரர் பக்கத்திலேயே காவல் நின்றார். மீசையை முதலில் கழுவினேன். விரலைக் கடைசியில்தான் கழுவினேன், மெதுவாக, அன்றைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை.

இப்போது சட்டம் படித்தவர்களைக் கேட்கிறேன். ஒரே கை, ஒரே கரி. தாளில் வரைந்தது போலீஸ்காரர் பையில் பத்திரமாகப் போனது. சுவரில் வரைந்ததை நானே அழிக்க வேண்டியதாயிற்று. அழிக்கும் முன் வரைந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஏன் சட்டம் இல்லை?

(மில்காரர் வீட்டு ஆட்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் பதில் சொல்லலாம். படம் வேண்டுமானால் இன்னொன்று வரைந்து தருகிறேன். விரலோடுதான்!)