கேட்காமல் வந்தவன்

நேற்று ஜாதவ்பூர் சந்தையில் ஈச்ச வெல்லம் வந்திருந்தது. அந்தப் புகை வாசம் மூக்கில் ஏறியதும் விலை கேட்க மறந்து நின்றுவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு வாசம் இருக்கும். எனக்கு இது ரஃபீக்.

இதே ஊரின் துறைமுகப் பகுதியான கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கும்பகோணத்து மாமியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அடுத்த அறையில் ரஃபீக். வங்கதேசத்திலிருந்து படிக்க வந்தவன். குளிர்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வெல்லம் கொண்டுவருவான். அவன் அறையில் எறும்புத் தொல்லை. அதனால் என் அலமாரியில்தான் வைப்பான், கேட்காமல். நான் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கும்போதுதான் அவனுக்கு வெல்லம் அவசரமாகத் தேவைப்படும். கோபம் வரும், ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டதும் போய்விடும்.

மூன்றாம் வருஷம் அவன் நாட்டில், மதத்தைக் கேள்வி கேட்டு எழுதுகிறவர்களைத் தீவிரவாதிகள் வெட்டிக் கொல்லத் தொடங்கினார்கள். அங்கே இதெல்லாம் நடக்காது என்று நம்பியவன் அவன். பிடிபட்டவர்கள் நன்றாகப் படித்த, அமைதியான பையன்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. ரஃபீக்கும் அமைதியானவன்தானே என்று என் மூளை கணக்குப் போட்டது. அன்று மாலையே ஒரு பூட்டு வாங்கி வந்தேன். உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள், வெளியே போனால் பூட்டு. பெரிய வீரன்!

அந்த வாரமே குடியிருப்பவர்கள் விவரம் கேட்டுப் போலீஸ் படிவம் வந்தது. மாமி அதை என்னிடம் நீட்டினார்.

"ரஃபீக்கைத் தெரிஞ்சவா ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லணும். நீ போடுடா."

"யோசிச்சுச் சொல்றேன் மாமி."

"ரெண்டு பேரும் மூணு வருஷமா ஒரே ரசத்தை விட்டுண்டு சாப்பிட்டிருக்கேள். இதுல என்னத்தை யோசிக்கறது?"

நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கையில் வெல்லத்தோடு ரஃபீக். என்னிடம் கற்ற தமிழில் கேட்டான்: "உள்ள வரலாமா?"

மூன்று வருஷத்தில் முதல் தடவை. அவமானமாகப் போய்விட்டது. படிவத்தை எடுத்து அவன் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். அவன் திட்டவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பிடிபட்டவங்கள்லாம் என் தம்பி வயசு" என்று வங்க மொழியில் சொன்னான்.

மறுநாள் காலை கேட்காமலே உள்ளே வந்து அலமாரியைக் குடைந்தான். எனக்குக் கிடைத்த பெரிய மன்னிப்பு அதுதான். இன்றைக்கும் அந்த நன்றி மனசில் இருக்கிறது.

படிப்பு முடிந்து, ஊரில் வாத்தியார் வேலைக்குக் கிளம்பியவனிடம் போகாதே என்று கெஞ்சினேன். "நாங்க வகுப்புக்குப் போகலேன்னா, அந்தக் கொல்றவங்கதான் போய்ப் பாடம் நடத்துவாங்க" என்றான். போனான். இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறான், போனில் பேசினால் தொண்டை கட்டியிருக்கிறது. விசா கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, வெல்லமும் வருவதில்லை.

மாமி இல்லை. வீடும் இல்லை, அந்த இடத்தில் எழும்பிய ஃப்ளாட் ஒன்றில்தான் இருக்கிறேன். வாசலில் கேமரா, காவலாளி, வருகிறவர்கள் பெயரெழுத ஒரு நோட்டு. நேற்று வாங்கிய வெல்லத்தை அலமாரியில் வைத்தேன். கேட்காமல் வந்து எடுக்க ஆளில்லை.