ஏன், தூ, பூமணி அன்ரியின்ரை கை

"முதலடியை விட்டுப்போட்டு ரெண்டாமடியிலை கை தட்டுறது என்ன தாளமப்பா? பஸ் போனாப் பிறகு கை காட்டுற மாதிரி!"

ஒஸ்லோவிலை, புருசெத் பக்கம், பூமணி அன்ரி இதைச் சொல்லாத ஆளில்லை. கறி பிரட்டேக்கையும் சொல்லுவா, ட்ரெயினுக்கை பக்கத்திலை இருக்கிறவைக்கும் சொல்லுவா. ஊரிலை, சுன்னாகத்திலை, பஜனைக்குத் தாளம் போட்ட கை. அங்கை முதலடியிலைதான் விழவேணும். இஞ்சை முதியோர் இல்லத்துக் குசினி வேலை முடிஞ்சாப் பிறகு, மேரின் எண்ட நோர்வேப் பெட்டை நடத்துற பாட்டுக்குழுவிலை சேர்ந்தா. அமெரிக்காவிலை கறுப்பினச் சனம் உரிமை கேட்டு ஊர்வலம் போகேக்கை பாடின பாட்டுகள். அதுகளுக்குக் கை ரெண்டாமடியிலைதான்.

மேரின் "ஏன், தூ! ஏன், தூ!" எண்டு எண்ணுவா. நோர்ஸ்க் எண்ட நோர்வேப் பாஷையிலை ஒண்டு, ரெண்டு. அன்ரி வீட்டை வந்து மேரினை மாதிரியே கழுத்தை நீட்டி, "முதல் ஏன் எண்டு கேக்கிறாள், பேந்து தூ எண்டு துப்புறாள். நான் எதிலையடி தட்ட?" எண்டுவா.

பகிடி எண்டாலும் உள்ளுக்கை பயம். ஒஸ்லோவுக்கு வந்த புதிசிலை, நிறவெறிக்கு எதிரான தீப்பந்த ஊர்வலத்திலை நடந்தவ அன்ரி. எல்லாரும் பாடினவை, பாஷை வராமல் இவ மட்டும் வாயை மூடிக்கொண்டு நடந்தா. இந்தக் குழுவிலைதான் அந்த வாய் திறந்தது. இப்ப மேரின் சொல்லிப்போட்டா: "இன்னொருக்கா ஏனிலை தட்டினால், நீங்கள் பாட வேண்டாம், சபையிலை பார்க்கிற சனத்தோடைதான் இருக்கவேணும்."

அதுவும் மகள் சோபிகா செய்த படம் காட்டுற நாளிலை. அந்த அமெரிக்க ஊர்வலங்களின்ரை பழைய படத்துண்டுகள், சத்தமே இல்லை. முழுச் சத்தமும் குழுதான் குடுக்கவேணும்.

"அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன். கையைக் கோத்துக்கொண்டு நில்லுங்கோ."

"ஓமடி, கயிறு இருந்தால் கட்டிவிடு."

மண்டபம் நிறைஞ்சிட்டுது. விளக்கு அணைஞ்சுது. அன்ரி விரலுகளை இறுக்கிப் பின்னிக்கொண்டு பாடினா. திரையிலை சனம் ஒரு பாலத்துக்கு வந்திட்டுது. எதிரிலை பொல்லோடை பொலிஸ். சனம் நிண்டுது, பாட்டும் நிண்டுது. அவை திரும்ப அடியெடுத்து வைக்கேக்கை, மேரின் கை காட்ட எல்லாரும் தொடங்கவேணும்.

எப்ப தொடங்கவேணும் எண்டு மேரின் பார்த்துக்கொண்டு நிண்ட ஐபாட் அந்த நேரம் பார்த்து இருண்டு போச்சு. அவ குனிஞ்சு அதைத் தட்டுறா, தட்டுறா. திரையிலை முதல் கால் எழும்பீட்டுது. இஞ்சை ஒரு சத்தமில்லை. கரையிலை நிண்ட சோபிகா வாயைப் பொத்தினாள். ரெண்டு கால், பத்துக் கால். சனம் பொல்லுகளை நோக்கி நடக்குது, துணைக்கு ஒரு குரல் இல்லாமல். பாடுற அத்தினை பேரும் மேரினின்ரை உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நிக்கினம்.

அன்ரியின்ரை விரல் பிரிஞ்சுது.

பட்!

ஏனிலைதான். வேறை எதிலை?

குழுவிலை பின்வரிசையிலை நிண்ட லூர்து பழக்கதோசத்திலை தூவிலை தட்டினார். பட்! திரும்ப அன்ரி, திரும்ப லூர்து. பிறகு முழுக்குழுவும் தூவிலை இடிச்சுது, பாட்டு எழும்பிச்சுது. மேரின் நிமிர்ந்து பார்த்தா. அன்ரி கையை நிப்பாட்டேல்லை.

விளக்குப் போட்ட உடனை மேரின் நேரை வந்தா. முகம் சிவந்திருந்துது, கோவமோ அழுகையோ தெரியேல்லை.

"பூமணி, நீங்கள் ஏனிலை தட்டினீங்கள்."

சோபிகா அம்மாவின்ரை முழங்கையைப் பிடிச்சாள். அன்ரி அதைத் தட்டிவிட்டு, தன்ரை உடைஞ்ச நோர்ஸ்கிலை சொன்னா:

"ஓம், தட்டினனான்தான். அந்தச் சனம் ஒத்தைக் காலாலையோ நடந்தது? உங்கடை தூ வலது கால் எண்டால், என்ரை ஏன் இடது கால். என்னைக் கொண்டுபோய்ச் சபையிலை இருத்தினால், உங்கடை ஊர்வலம் நொண்டிக்கொண்டுதான் போகும்!"