மேஸ்திரியின் இரண்டாம் வருஷம்

துணி துவைக்கிற பவுடரில் ஒரு பிடி, மரத்தூளில் ஒரு பிடி. இரண்டையும் உள்ளங்கையில் குழைத்து, கிரீஸ் போக முழங்கைவரை தேய்த்துக்கொண்டே கூடப் படிக்கிற ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் மேஸ்திரி. லேத்தை ஓடவிட்டுவிட்டு எண்ணெய் விட மறந்ததுதான் அந்தப் பெண் செய்த குற்றம். "மிஷின் அந்தக் கத்து கத்துது, உனக்குக் காது கேக்கலையா? தண்ணி குடுக்காம உன்னை ஓடவிட்டா நீ சும்மா இருப்பியா?"

இயந்திரவியல் படிப்பில் இரண்டாம் வருஷம் முடியப்போகிறது. மேஸ்திரி என்று கிண்டலுக்கு வைத்த பெயர், இப்போது வாத்தியார்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஓடுகிற மிஷின்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நிற்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகிற அன்றைக்கும் மிஷின்தான் பொய் சொல்கிறது என்று சாதிப்பாள்.

கல்லூரி ஊர்க்கோடியில். பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். பட்டறையில் இருப்பதெல்லாம் ஏதோ தொழிற்சாலை வேண்டாமென்று தள்ளிய மிஷின்கள், வாரத்துக்கு ஒன்று படுத்துக்கொள்ளும். வெளியாளைக் கூப்பிடக் கல்லூரிக்கு வக்கில்லை. மாணவர்களே பிரிக்க வேண்டும், மாணவர்களே மாட்ட வேண்டும். மாட்டி முடித்தபின் திருகு மிஞ்சினால் மறுபடி முதலிலிருந்து.

இவளுக்குத்தான், பெயரைக் கேட்டாலே எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள இடம் கிடைத்தது. விண்ணப்பம் போட்டதும் இவளேதான், ஒருவர் கட்டாயமும் இல்லை. செய்தி வந்தபோது துள்ளிக் குதித்ததில் மேஜை விளக்கு உடைந்தது. அம்மாவின் தம்பி போனிலேயே தலைகால் புரியாமல் ஆடினார். "அந்தப் பேரு ஒண்ணு போதும்மா! உள்ள போய்த் தூங்கினாக்கூட வேலை உன்னைத் தேடி வரும்!"

"தூங்கறதுக்கு எதுக்கு மாமா அவ்வளவு கடன்? வீட்டுலயே தூங்கறேனே."

அன்றைக்கு அது வெறும் வாய்த்துடுக்கு. ஆசை மலையளவு இருந்தது, பொய் சொல்வானேன்.

இடத்தைப் பார்க்கப் போனாள். பட்டறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே புத்தம்புது மிஷின் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கை தானாக நீண்டது. சுற்றிக்காட்ட வந்த மாணவன் பதறிவிட்டான். "ஐயோ, தொடக்கூடாதுங்க!" எப்போது தொடலாம் என்று கேட்டாள். கடைசி வருஷத்தில், அதுவும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் விட்டால், என்றான். அவன் இன்னும் தொட்டதில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வேறு!

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்து அலுவலகத்தில்தான் குண்டு விழுந்தது. முதல் வருஷத்தை மட்டும் ஏற்றுக்கொள்வார்களாம். இரண்டாம் வருஷத்தை அங்கே, அவர்கள் கட்டணத்தில், திரும்பப் படிக்க வேண்டுமாம். "உங்க காலேஜ் தரம் வேற, எங்க தரம் வேற" என்று அங்கே இருந்த அம்மாள் கனிவாகத்தான் சொன்னாள். கனிவுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்: "நான் படிச்ச வருஷத்தைக் குப்பையில போட்டுட்டு, அதையே எடுத்து எனக்குக் கடனுக்கு விக்கறாங்கம்மா!"

கடன் என்றால் சின்னக் கடனா? வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் அடைக்க வேண்டும். இருக்கிற ஒரே வீட்டை வங்கி ஈடாகக் கேட்கிறது. அப்பா கையெழுத்துக்குத் தயார். மாமா தினமும் வந்து தூபம் போட்டார். "ஊர்ல நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க மாமா. ஆளுக்கு மூணு வருஷம் அவங்க கட்டட்டும்."

மாமாவிடம் மல்லுக்கு நிற்பது சுலபம். அப்பாவிடம்தான் முடியவில்லை. அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் வண்டி அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலில் நின்றுதான் மேலே போகும், கடைசி நிறுத்தம் இவள் கல்லூரிப் பக்கம். எத்தனையோ வருஷமாக ஊரார் பிள்ளைகளை அந்த வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். தன் பெண்ணும் ஒரு நாள் அங்கே இறங்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

"விட்டுட்டா பின்னாடி நீ வருத்தப்படுவேம்மா" என்றார், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே.

"படறேன்பா. அதுக்காவது வட்டி கிடையாதே." வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, குரல் உடைந்துவிட்டது. அவர் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, நாளைக்குத்தான் கடைசி நாள், சேருவதானால் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் நினைவுபடுத்தினார்.

மறுநாள் காலையும் அப்பா வண்டியில்தான் ஏறினாள். பெரிய வாசல் வந்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்கினார்கள். எல்லோரும் இறங்கியும் அப்பா கதவை மூடவில்லை. தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அலறவிட்டான். "டிரைவர், தூங்கிட்டீங்களா?" என்று யாரோ கத்தினார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

திறந்திருந்த கதவைத் தாண்டி நேரே முன்னால் வந்தாள். அவர் தோளுக்குமேல் கையை நீட்டி, கதவு மூடுகிற பொத்தானை அவளே அழுத்தினாள்.